பட்டா ரத்து: மூன்றாம் எதிர்மனுதாரரின் பதில்கள்

போன இதழில் பட்டா மாறுதல் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்பது ஒன்றுதான்: கொடுத்த பட்டாவை அரசே ரத்து செய்துவிட்டால் கோர்ட் காப்பாற்றுமா? கடிதங்களைச் சுருக்கி, பெயர்களையும் சர்வே எண்களையும் எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. குமரி மாவட்டத்தில் 31 வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். பட்டா வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால் பெரும்பாலும் கலெக்டர் முதல் எதிர்மனுதாரர், வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. இரண்டாவது, தாசில்தார் மூன்றாவது. கோர்ட் காகிதங்களில் அந்த மூன்றாவது ஆளாகப் பல தடவை இருந்திருக்கிறேன். ஜெயித்ததும் உண்டு, குட்டு வாங்கியதும் உண்டு.

கருங்கல் பக்கமிருந்து ஒரு வாசகர்: அப்பா 1978-ல் வாங்கிய 12 சென்ட் விளை (தோட்ட நிலம்). பதிவு செய்த ஆதாரம் (கிரயப் பத்திரம்) இருக்கிறது. அப்பா போன பிறகு என் பெயருக்குப் பட்டா மாற்றினேன். இப்போது லோனுக்காக ஆன்லைனில் எடுத்துப் பார்த்தால் ‘சர்க்கார் புறம்போக்கு, ஓடை’ என்று வருகிறது. வில்லேஜ் ஆபீஸில் கேட்டால், போன வருடமே தாசில்தார் ரத்து செய்துவிட்டார் என்கிறார்கள். எனக்கு ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. நேராக ஹைகோர்ட் போகலாமா அண்ணாச்சி?

போகலாம். ஆனால் எதை எதிர்த்துப் போவீர்கள்? ஆன்லைனில் வருவது உத்தரவின் விளைவு மட்டும்தான். உத்தரவு என்று ஒரு காகிதம் தாலுகா ஆபீஸ் கோப்பில் இருக்கும். முதலில் அது கையில் வரவேண்டும். சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் வில்லை ஒட்டி இன்னொரு மனு. அதில் ‘என் பட்டா ஏன் ரத்தானது?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்று கேட்டால் ‘தகவல் ஏதுமில்லை’ என்றுதான் பதில் வரும். ரத்து உத்தரவு, அதற்கு முன் அனுப்பிய நோட்டீஸ், அது சார்வு செய்யப்பட்டதற்கான (அதாவது உங்களிடம் சேர்த்ததற்கான) அத்தாட்சி, வி.ஏ.ஓ. அறிக்கை, சர்வேயர் அறிக்கையும் வரைபடமும், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். இந்தக் கட்டு வந்துவிட்டால் உங்கள் வழக்கில் பாதி தெரிந்துவிடும்.

ஏனென்றால், ரிட் மனுவில் ஹைகோர்ட் பார்ப்பது உங்கள் விளையை அல்ல, இந்தக் கட்டை. அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவில் உள்ள அதிகாரம் அப்படிப்பட்டது. கீழே ஒரு அதிகாரி போட்ட உத்தரவின் கோப்பை மேலே வரவழைத்து, அதைப் போட அவருக்கு அதிகாரம் இருந்ததா, உங்களைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா, சம்பந்தமில்லாத எதையாவது மனதில் வைத்துக்கொண்டாரா என்று பார்ப்பார்கள். நிலம் யாருடையது, ஓடை எந்தப் பக்கம் ஓடியது என்பதற்குள் பெரும்பாலும் நுழைய மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் அறுபது வருட வரி ரசீதையெல்லாம் பைண்டு பண்ணிக்கொண்டு மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போய், ‘கோர்ட் என் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை’ என்று அழுதுகொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் குட்டு வாங்கிய கதையைச் சொன்னால் விளங்கும். எந்தத் தாலுகா என்பது வேண்டாம். ஒரு வயதான அம்மாவின் 9 சென்ட் விளை. ஓடையை ஆக்கிரமித்துப் பட்டா வாங்கிவிட்டதாகப் பக்கத்து விளைக்காரர் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தார். மேலிருந்து ஒரு நினைவூட்டு வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவது சிவப்பு மையில் வந்தது. நோட்டீஸ் அனுப்பினேன். ‘ஆள் இல்லை, கதவில் ஒட்டப்பட்டது’ என்று எழுதித் திரும்பி வந்தது. அந்த அம்மா அப்போது மகளின் பேறுகாலத்துக்குக் களியக்காவிளையில் போய் இருந்திருக்கிறார். ஒட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. நான்கு வரியில் ஒரு உத்தரவு போட்டேன். ‘பார்வையில் கண்ட அறிக்கையின்படி மேற்படி பட்டா ரத்து செய்யப்படுகிறது’ என்பதுதான் அதன் சாரம்.

அந்த அம்மா ரிட் போட்டார். அரசு வக்கீல் பதில் அபிடவிட் கேட்டார். உட்கார்ந்து எழுதினேன் பாருங்கள், பதினொரு பக்கம்! ஓடையின் அகலம், பழைய புலப்படம் (நில அளவை வரைபடம்), மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது என்று ஒன்றையும் விடவில்லை. நீதிபதி அதை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த நான்கு வரியை மட்டும் படித்தார். ‘இந்தப் பதினொரு பக்கத்தில் ஒரு வரியாவது உத்தரவில் இருக்கிறதா?’ என்று கேட்டார். இல்லை. அவ்வளவுதான். உத்தரவு ரத்து, நோட்டீஸ் கொடுத்து, நேரில் கேட்டு, புதிதாக முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

பிற்பாடுதான் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1977-ல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒரு உத்தரவு, அதில் எழுதியிருக்கிற காரணத்தில்தான் நிற்கவேண்டும், அப்புறம் அபிடவிட்டில் புதிய காரணம் சேர்த்து அதற்கு முட்டுக் கொடுக்க முடியாது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். உத்தரவு நாளாக நாளாக ருசி கூடுகிற பழைய ஒயின் இல்லை என்ற வாசகம் அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. அது தேர்தல் வழக்கு. கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு வக்கீல்கள் காட்டுகிற 1967-ஆம் வருடத்து பினாபாணி தேய் வழக்கு, ஒடிசாவில் ஒரு பெண் டாக்டரின் பிறந்த தேதியை அரசே மாற்றி, விசாரணை அறிக்கையைக்கூட அவரிடம் காட்டாமல் ஓய்வு கொடுத்ததைப் பற்றியது. தேர்தலுக்கும் பிறந்த தேதிக்கும் உங்கள் 12 சென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மூன்றிலும் ஒரு அதிகாரியின் கையெழுத்து ஒருவருடைய உரிமையைத் தொடுகிறது. நிர்வாக உத்தரவுதானே, நோட்டீஸ் எதற்கு என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது என்று ஆனது அந்த 1967-ஆம் வருடத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

சரி, உங்களுக்கு வருவோம். நீங்கள் ரிட் போட்டால் அரசுத் தரப்பின் முதல் வாதம், ‘அப்பீல் இருக்கிறதே, இங்கே ஏன் வந்தார்?’ என்பதாக இருக்கும். பட்டா பாஸ்புக் சட்டம் 1983-ல் தாசில்தார் உத்தரவின் மேல் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் (12-ஆவது பிரிவு), அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரான டி.ஆர்.ஓ.விடம் சீராய்வு (13-ஆவது பிரிவு) இருப்பது உண்மைதான். ஆனால் நோட்டீஸே கொடுக்காமல் போட்ட உத்தரவுக்கும், அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவுக்கும் அந்தத் தடை கிடையாது என்று 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாஷிங் மெஷின் கம்பெனியேதான். அதன் டிரேட்மார்க் வழக்கு நம்மூர்ப் பட்டா வழக்குகளில் வாய்தாவுக்கு வாய்தா பேசப்படுகிறது!

என் அபிப்பிராயம் கேட்டால்: கட்டில் நோட்டீஸும் சார்வு அத்தாட்சியும் இல்லையென்றால் ரிட் போடுங்கள், மனுவோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். நோட்டீஸ் முறையாக வந்திருந்து நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் ஆர்.டி.ஓ.விடமே போங்கள். அவரால் சர்வேயரை அனுப்பி அளக்கச் சொல்ல முடியும், ஹைகோர்ட் அளக்காது. உத்தரவு நகல் கையில் கிடைத்த தேதியை எழுதிவைத்து, கவர் கிழியாமல் தபால் முத்திரையோடு பத்திரமாக வையுங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் என்று வாதாட அந்தக் கவர் வேண்டும்.

அந்த 9 சென்ட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுவிசாரணைக்கு நானே விளைக்குப் போனேன். தெற்கு மூலையில் ஒரு பலா, பக்கத்தில் கிணறு, மேற்கே பழைய கையாலை (எல்லைச் சுவர்). புலப்படத்தில் ஓடை கையாலைக்குக் கிழக்கே ஓடுகிறது. தரையில் தண்ணீர்த் தடம் கையாலைக்கு மேற்கே கிடக்கிறது. தென்மேற்கு மூலையில் மட்டும் கையாலை ஓடைக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தது. அளந்ததில் 7 சென்ட் பட்டா, 2 சென்ட் ஓடை. அந்த அம்மா ஒன்றும் கோபப்படவில்லை. ‘மக்ளே, இதைப் பாக்க மொதல்லயே வந்திருக்கப்படாதா’ என்று மட்டும் கேட்டார். சக்கைப்பழம் வேறு கொடுத்தனுப்பினார். ஜீப்பில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்: 3 சென்ட் மனையை 2003-ல் விலைக்கு வாங்கி வீடு கட்டினேன். விற்றவருக்கு அது 1996-ல் அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டா. இத்தனை வருடம் வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் என் பெயரில். இப்போது ‘நிபந்தனை மீறல், ஒப்படையை ஏன் ரத்து செய்யக்கூடாது’ என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கோர்ட் எனக்குச் சாதகமாக நிற்குமா?

கஷ்டம் என்று சொல்லித்தான் தொடங்கவேண்டும். விலை கொடுத்து வாங்கிய நிலத்தின் பட்டாவும் ஒப்படைப் பட்டாவும் ஒன்றல்ல. ஒப்படை என்பது அரசு தன் நிலத்தை நிபந்தனையோடு கொடுப்பது. அந்தப் பட்டாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 10 வருடம் விற்கக் கூடாது, மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசே எடுத்துக்கொள்ளும் என்ற மாதிரி வரிகள் இருக்கும். நீங்கள் வாங்கியது ஏழாவது வருடத்தில். பதிவு செய்துகொடுத்தார்களே என்று கேட்பீர்கள். பத்திரம் பதிவானதாலேயே விற்றவரிடம் இல்லாத உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அதை அன்றைக்கே ஆதாரம் எழுதியவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பார், விலை குறைவாக இருந்ததால் நீங்கள் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றும் எனக்கு ஒரு சந்தேகம்.

இருந்தாலும் உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது: காலம். 1969-ல் குஜராத்திலிருந்து ஒரு வழக்கு, பாட்டீல் ராகவ் நாதா. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற கலெக்டர் 1960-ல் அனுமதி கொடுத்தார். கமிஷனர் 1961-ல் அதை ரத்து செய்தார். இத்தனை நாளுக்குள் ரத்து செய்யவேண்டும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. கெடு இல்லை என்பதற்காக எப்போது வேண்டுமானாலும் என்று அர்த்தமில்லை, நியாயமான காலத்துக்குள் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே தாமதம் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. 2015-ல் ரங்காரெட்டி மாவட்ட வழக்கில் பல பத்து வருடம் கழித்துப் பழைய நில உத்தரவைக் கிளறியதையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் நீங்கள் வீடு கட்டியதும், பஞ்சாயத்து வரி வாங்கியதும், மின்வாரியம் இணைப்புக் கொடுத்ததும் ஒளிவுமறைவாக நடக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஜமாபந்தியில் கணக்கு முடித்த வி.ஏ.ஓ.வுக்கு அந்த வீடு கண்ணில் பட்டிருக்கும். பதிலில் இதைத் தேதி வாரியாக எழுதுங்கள்.

ஆனால் இந்த வாதம் ஒரு இடத்தில் உடையும். 1996-ல் பட்டா வாங்கியவர் வேறு ஊரில் வீடும் நிலமும் இருக்க, இல்லை என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் கால வாதத்துக்குப் பலம் குறைந்துவிடும். கோர்ட் தீர்ப்பையே மோசடி செய்து வாங்கினாலும் அது செல்லாது என்று 1993-ல் செங்கல்வராய நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். நோட்டீஸ் அவருக்கும் போயிருக்க வேண்டும். அவர் என்ன பதில் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் நிலைமை மாறும்.

இன்னொன்று: நோட்டீஸ் கட்டத்திலேயே ரிட் போட ஓடாதீர்கள். ‘இன்னும் முடிவே எடுக்கவில்லையே, போய்ப் பதில் சொல்லுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். வக்கீல் பீஸும் பஸ் காசும்தான் மிச்சம்.

தோவாளைப் பக்கமிருந்து ஒரு விவசாயி: எங்கள் பாசனக் குளத்தின் ஒரு ஓரத்தை மூடி மனை போட்டு, அதற்குப் பட்டாவும் வாங்கிவிட்டார்கள். நாங்கள் மனு மேல் மனுப் போட்டு ரத்தாக்கினோம். இப்போது அவர்கள் ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கி வைத்திருக்கிறார்கள். குளத்தை மூடியவனுக்குமா ஸ்டே?

கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது குளமில்லை, கொஞ்சம் நேரம். நோட்டீஸ் சரியாகக் கொடுக்கவில்லை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது உண்மையானால் மறுபடி விசாரிக்கச் சொல்வார்கள். விசாரித்தால் குளம் குளம்தான். பொதுக் குளத்தை யாருக்கும் மனையாக ஒதுக்க முடியாது என்று 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், ஊர்ப் பொது நிலத்தின் ஆக்கிரமிப்பைக் காசு வாங்கிக்கொண்டு முறைப்படுத்தக் கூடாது என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாவது வழக்கும் ஒரு கிராமத்துக் குளம் சம்பந்தப்பட்டதுதான்.

நீங்கள் செய்யவேண்டியது, அந்த ரிட்டில் குளத்துத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகளையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுவது. இல்லையென்றால் உங்கள் குளத்துக்காகப் பேசுவது அரசு வக்கீல் ஒருவர்தான். அவர் மேஜையில் அன்றைக்கு ஐம்பது கட்டு இருக்கும். ஊர் நிலங்களின் கணக்கான பழைய அ-பதிவேட்டின் நகல், குளத்தின் புலப்படம், மடையிலிருந்து உங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எது என்ற விவரம், இவற்றோடு ஸ்டேயை நீக்கக் கேளுங்கள். சாகுபடிக் காலம் தொடங்குமுன் போட்டால் அவசரமும் விளங்கும்.

திருவட்டாறு வாசகி: தாத்தா வாங்கிய ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது, கொல்லம் 1103. அதில் ‘பண்டாரவகை’ என்று ஒரு சொல் வருகிறதாம். அதை வைத்து இது கோயில் நிலம், பட்டாவை ரத்து செய்யவேண்டும் என்று ஒருவர் மனுக் கொடுத்திருக்கிறார். தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிடுகிறார். பயமாக இருக்கிறது சார்.

முதலில் பழைய மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஆதாரத்தை முழுதாக வாசிக்கச் சொல்லி, தமிழில் எழுதி வாங்குங்கள். தக்கலை, குழித்துறைப் பக்கம் பழைய ஆதாரம் எழுத்தர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வரும். 1103 என்றால் 1927-28. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. ஆகவே உங்கள் தாத்தா வாங்கியது திருவிதாங்கூர் மண்ணை. மெட்ராஸ் கணக்கில் பழகிய அதிகாரிகள் இந்தச் சொற்களில் தடுமாறுவது புதிதல்ல, நானும் தடுமாறியிருக்கிறேன்.

அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஸ்ரீ’ இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. ‘பண்டாரவகை’ என்றால் சர்க்கார் நிலம். சர்க்கார் பாட்ட நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கே அதை உரிமையாக்கி 1865-ல் திருவிதாங்கூரில் ஒரு அரசுப் பிரகடனம் வந்தது. அதன் பிறகு அந்த நிலங்கள் கைமாறி வந்தது சொந்த நிலம் மாதிரிதான். ‘ஸ்ரீபண்டாரவகை’ என்றால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலைச் சேர்ந்தது. அதையும் நம் மாவட்டத்தில் 1964-ல் தனிச் சட்டம் போட்டு ஒழித்து, ரயத்துவாரியாக, அதாவது நிலம் வைத்திருப்பவரே நேராக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு, மாற்றிவிட்டார்கள். உங்கள் ஊரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருப்பதால், மனுக் கொடுத்தவர் எல்லாவற்றையும் ஒரே கோயில் என்று போட்டுக் குழப்பியிருக்கலாம். மூன்றும் வேறு வேறு. 1964 சட்டத்துக்குப் பிறகு உங்கள் நிலத்துக்கு என்ன பதிவு நடந்தது என்பதற்குக் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் நகல் கேளுங்கள். அதுதான் உங்கள் பிடிமானம்.

விசாரணையில் சொல்லவேண்டியது இது: ‘நிலத்தின் உரிமையிலேயே தகராறு என்றால் அதைத் தாசில்தார் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.’ 2011-ல் விஷ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் சென்னை ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதற்குப் பிறகும் அவர் ‘இது கோயில் நிலம்’ என்று முடிவுகட்டி ரத்து செய்தால், தன் வேலி தாண்டி நடந்திருக்கிறார் என்று ரிட்டில் சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் கையில் பட்டா இருப்பதாலேயே நிலம் உங்களுடையது என்றும் ஆகாது. பட்டா வருவாய்க் கணக்கின் ஒரு பதிவு. அதைக் கொண்டு உரிமை பிறப்பதுமில்லை, ரத்தானதால் உரிமை சாவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியாயிற்று. ஆகவே விவகாரம் முற்றினால் பத்மநாபபுரத்திலோ நாகர்கோவிலிலோ நிலம் என்னுடையது என்று அறிவிக்கக் கேட்கும் உரிமை விளம்புகை வழக்குப் போடவேண்டியிருக்கும். பட்டா பாஸ்புக் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அதற்கு வழிவிடுகிறது. அந்த வழக்குக்கு 3 வருடக் கெடு உண்டு. அரசையும் சேர்த்தால் முதலில் 2 மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும். மதுரையில் ரிட் நடக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்து, இந்த 3 வருடத்தைக் கோட்டைவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ரிட்டில் ஜெயித்தார்கள், மறுவிசாரணையில் தோற்றார்கள், சிவில் கோர்ட்டில் கெடு தாண்டியிருந்தது. நீங்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கொல்லங்கோடு வாசகர்: ரிட் போட சென்னைக்குப் போகவேண்டுமா, மதுரையா?

மதுரை. 2004 ஜூலை 24-ல் கிளை திறந்ததிலிருந்து நம் மாவட்டம் அதற்குள்தான். வடசேரியில் விடியுமுன் பஸ் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஒத்தக்கடை ரோட்டில் கொஞ்ச தூரம்.

மார்த்தாண்டம் வாசகர்: ரிட்டில் ஜெயித்துவிட்டேன். ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்து, 12 வாரத்தில் புதிதாக விசாரித்து முடிவெடுக்கச் சொன்னார்கள். எட்டு மாதம் ஆகிறது. பட்டா இன்னும் என் பெயருக்குத் திரும்பவில்லை. ஆபீஸில் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.

உங்களைப் போன்றவர்களைத்தான் நாங்கள் ஆபீஸில் ‘ஜெயித்துவிட்டு வந்தவர்’ என்று சொல்வோம். கொஞ்சம் கேலியாகத்தான். ஏனென்றால் அந்தத் தீர்ப்பு கிடந்த இடம் எங்களுக்குத் தெரியும்: கிளார்க் மேஜையின் இடதுபக்கக் கட்டு.

தீர்ப்பு நகலை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? பலர் கொடுப்பதில்லை. கோர்ட்டே அனுப்பிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். 12 வாரம் என்பது பெரும்பாலும் ‘நகல் கிடைத்த தேதியிலிருந்து’ என்றுதான் எழுதியிருக்கும். நகல் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி இல்லையென்றால் கெடு இன்னும் தொடங்கவேயில்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்து முத்திரை வாங்கியிருந்தால் வக்கீலிடம் சொல்லி நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடலாம். அதற்கு ஒரு வருடத்துக்குள் போகவேண்டும், எட்டு மாதத்தை ஏற்கெனவே தின்றுவிட்டீர்கள். அவமதிப்பு நோட்டீஸ் வந்தால் அந்தக் கட்டு இடதுபக்கத்திலிருந்து நடுவுக்கு வந்துவிடும். இது நான் கண்ணால் பார்த்தது, என் மேஜையிலேயே.

இன்னொரு எச்சரிக்கை. அவசரத்தில் பழைய உத்தரவையே தேதி மாற்றித் தருவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு இது சுலபம். ஒரு தடவை ‘மனுதாரர் ஆஜராகவில்லை’ என்ற பழைய வரி அப்படியே இருக்க, அடுத்த பக்கத்தில் அவருடைய வாக்குமூலம் இணைத்திருந்தது. புது உத்தரவு வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நீங்கள் விசாரணையில் கொடுத்த ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், மனதைச் செலுத்தாமல் போட்ட உத்தரவு என்று மறுபடி தள்ளுபடி கேட்கலாம்.

இரணியல் வாசகர்: 7-ஆவது பிரிவு நோட்டீஸ் வந்திருக்கிறது. பட்டா நிலத்துக்கு எப்படி 7 நோட்டீஸ்? விசாரணை வருகிற வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் என் மகள் கல்யாணம். போகாவிட்டால் பட்டா போய்விடுமா?

வாழ்த்துகள். 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆவது பிரிவு முதலில் வரும், 6-ஆவது பிரிவு பிறகு வரும். 7 என்றால் ‘ஏன் காலி செய்யச் சொல்லக்கூடாது, பதில் சொல்’ என்பது. 6 வந்தால்தான் வெளியேற்றம். அந்தச் சட்டம் அரசு நிலத்துக்கு மட்டும்தான். ஆகவே உங்கள் பட்டா ஏற்கெனவே ரத்தாகியிருக்கிறதா, இல்லை சர்வே எண் மாறி நோட்டீஸ் வந்ததா என்று இன்றைக்கே ஆன்லைனில் பாருங்கள். ரத்தாகியிருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

வியாழக்கிழமைக்கு வருவோம். போகாமலும் சொல்லாமலும் இருந்தால், ‘வாய்ப்புக் கொடுத்தும் ஆஜராகவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் நோட்டீஸே வரவில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. திங்கட்கிழமையே தாலுகா ஆபீஸ் போய், வேறு தேதி கேட்டு ஒரு மனுக் கொடுங்கள். பட்டா நகல், வரி ரசீது எல்லாம் இருக்கிறது, அவற்றோடு எழுத்தில் பதில் தருகிறேன் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். கல்யாண அழைப்பிதழை இணைத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முத்திரை அழைப்பிதழ் மேலும் விழட்டும். தாசில்தாருக்குத் தனியாக ஒரு அழைப்பிதழ் வைப்பது உங்கள் இஷ்டம். பதவியில் இருந்த காலத்தில் நான் எந்தப் பந்தியையும் விட்டதில்லை.